நீக்கும் அதிகாரம் யாருடைய கையில்?

தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலை நகருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே, சிங்கப்பெருமாள் கோவில் என்று ஊருக்கே தம் பெயரை அளித்து எழுந்தருளியிருக்கும் பாடலாத்ரி நரசிம்மரின் சந்நிதி, பல்லவர் காலத்துக் குடைவரை என்பதாலும், நெற்றிக்கண்ணுடைய நரசிம்மர் என்ற அபூர்வத்தாலும், மூலவரைப் பிரதட்சணம் செய்ய விரும்புவோர் அந்தச் சிறு குன்றையே வலம் வர வேண்டியிருப்பதாலும், பல தலைமுறைகளாக அடியார்களை ஈர்த்து வந்திருக்கிறது. இத்தகைய க்ஷேத்திரங்களைச் சுற்றித் தமிழ்நாடெங்கும் நிகழ்ந்தது ஒன்று உண்டு. வசதி படைத்தவர்கள் தங்கள் ஆயுளின் பிற்பகுதியில், ஒரு துண்டு நிலத்தையோ ஒரு வீட்டையோ எழுதி வைத்து, அதன் வருமானத்திலிருந்து உற்சவத்துக்கு ஒரு கட்டளை, யாத்திரிகர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல், சுவாமிக்கு நந்தவனம், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு தொகை என்று ஏற்பாடு செய்துவிட்டு, அதைப் பரிபாலிக்கத் தம் மக்களையும் நம்பிக்கைக்குரிய இரண்டொருவரையும் தர்மகர்த்தாக்களாக நியமித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் எழுதி வைத்த காலத்தில் அந்த நிலங்கள் புஞ்சைக் காடுகளாக இருந்தன. இன்றோ சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை தொழிற்சாலைகளின் ராஜபாட்டையாகிவிட்டது. மகேந்திரா வேர்ல்டு சிட்டி அருகிலேயே இருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார ரயில் ஊர் நடுவே நின்று போகிறது. ஏக்கர்க் கணக்கில் பேசப்பட்ட மண் சதுர அடிக் கணக்கில் பேசப்படலாயிற்று. தண்ணீர்ப் பந்தலுக்கு எழுதிய தோட்டம் பெருந்தொகைக்கு விலைபோகும் மனையாக மாறிய கணத்திலிருந்து, அதுவரை யாரும் ஏறெடுத்தும் பாராத டிரஸ்ட் பத்திரம் பீரோவிலிருந்து வெளியே வருகிறது. யார் தர்மகர்த்தா, யாரை நீக்கலாம், யாரைச் சேர்க்கலாம் என்ற விவகாரம் பிறக்கிறது. நான் இங்கே பேசப் புகுந்தது நரசிம்மர் கோவிலின் நிர்வாகத்தைப் பற்றியன்று. இந்த வட்டாரம் முழுவதிலும், ஏன், நகரம் விரிந்துகொண்டே போகும் ஒவ்வொரு திசையிலும், குடும்பங்களும் சிறு தர்மங்களும் எதிர்கொள்ளும் பொதுவான ஒரு துன்பத்தைப் பற்றி.

அத்துன்பம் பெரும்பாலும் இவ்வாறு தொடங்குகிறது. நான்கு டிரஸ்டிகளில் மூவர் ஒரு பக்கம் சேர்ந்து, கணக்குக் கேட்கும் நான்காமவரைக் கூட்டத் தீர்மானம் ஒன்றினால் நீக்கிவிட்டதாக எழுதிக்கொள்கிறார்கள். அல்லது கணக்குக் காட்டாத மேனேஜிங் டிரஸ்டி, கேள்வி கேட்ட மூவரையும் தாமே நீக்கி, ஒரு திருத்தல் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வந்துவிடுகிறார். பதிவு முத்திரை விழுந்துவிட்டது, ஆகவே காரியம் முடிந்துவிட்டது என்று இருதரப்பாரும் நினைக்கிறார்கள். இதைக்காட்டிலும் பெரிய தவறான அபிப்பிராயம் இவ்விஷயத்தில் வேறில்லை. பதிவு என்பது ஒரு பத்திரம் எழுதப்பட்டது என்பதற்குச் சாட்சியமே தவிர, அதை எழுதியவருக்கு எழுதும் அதிகாரம் இருந்தது என்பதற்குச் சாட்சியமாகாது. மூலப்பத்திரம் அதிகாரம் கொடுக்காதபோது, ஒரு டிரஸ்டியை மற்ற டிரஸ்டிகள் நீக்க முடியாது. பெரும்பான்மை என்பதும் உதவாது. தர்மத்தை ஏற்படுத்தியவரேகூட, அந்த உரிமையைத் தமக்கென்று பத்திரத்திலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளாதவரையில், பின்னாளில் மனம் மாறி வந்து அதை எடுத்துக்கொள்ள இயலாது. கொடுத்தது கொடுத்ததே.

தனியார் டிரஸ்டுகளுக்கென்று 1882-இல் இயற்றப்பட்ட இந்திய டிரஸ்டுகள் சட்டம் இதை மிகுந்த நிதானத்தோடு வகுத்திருக்கிறது. ஒருவர் டிரஸ்டி பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு அதை நினைத்தபோது உதறிவிட்டுப் போகவும் முடியாது என்கிறது அதன் 46-ஆம் பிரிவு. நியாயஸ்தலத்தின் அனுமதியோ, சட்டப்படி சம்மதிக்கத் தகுதியுள்ள பயனாளிகளின் சம்மதமோ, பத்திரத்திலேயே கொடுக்கப்பட்ட அதிகாரமோ வேண்டும். 73-ஆம் பிரிவு, ஒரு டிரஸ்டியின் இடத்தில் புதியவரை நியமிக்கக்கூடிய சந்தர்ப்பங்களைச் சொல்லிக்கொண்டு வருகிறது: இறந்தவர், விலக விரும்புகிறவர், திவாலானவர், தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவில் இல்லாதவர், வெளிநாட்டிலேயே குடியேறிவிட்டவர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்ற வகைக்கு வரும்போது மட்டும், அசல் அதிகாரமுள்ள பிரதான சிவில் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தில் தகுதியற்றவர் என்று எழுதுகிறது. மற்றவை எல்லாம் கண்ணால் கண்டு உறுதி செய்யக்கூடியவை, தகுதியின்மையோ தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமையை அண்ணனுக்கும் தம்பிக்கும் கொடுக்காமல் நீதிபதிக்குக் கொடுத்ததில்தான் இச்சட்டத்தின் விவேகம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறு மாத நிபந்தனையைச் சிறிது நின்று கவனிப்பது நலம். கூடுவாஞ்சேரியிலும் மறைமலை நகரிலும் வீடு கட்டி வாழும் பெற்றோர்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கலிபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பாட்டனார் எழுதிய டிரஸ்டில் பரம்பரையாக அவர்கள் பெயர் ஏறியிருக்கிறது. அவர்களில் பலர் நல்லவர்கள், பணம் அனுப்புகிறவர்கள், ஊரை மறவாதவர்கள். ஆயினும் தர்மச் சொத்தின் வேலியைப் பார்க்கவும், குத்தகைதாரரிடம் பேசவும், வரி கட்டவும், செங்கல்பட்டு நீதிமன்றத்தில் ஆஜராகவும் ஆள் வேண்டும்; அந்த வேலைகளை மொத்தமாக இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பெயரளவில் இருப்பதை 47-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை; டிரஸ்டிகள் பலராக இருந்தால் எல்லோரும் சேர்ந்தே இயங்க வேண்டும் என்று 48-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. அயல்நாட்டில் நிலைத்துவிட்ட ஒருவர் தாமாகவே விலகி, உள்ளூரில் இருக்கும் தங்கைக்கோ மருமகனுக்கோ வழிவிடுவது அவமானமன்று. அது அவர் பாட்டனாருக்குச் செய்யும் மரியாதை. தங்கை என்று நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். தனிச்சட்டம் வேறுவிதமாக அனுமதித்தாலொழிய மணமான பெண் டிரஸ்டியாக இருக்கத் தகுந்தவரல்லர் என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விளக்கம் எழுதியது. இந்து சட்டம் பெண் சொத்து வகிப்பதைத் தடுக்காமையால் அவ்வரி நம்மில் பெரும்பாலோரைத் தொடுவதில்லை. என்றாலும், கணக்கெழுதுவதிலும் கடன் வாங்காமல் குடும்பம் நடத்துவதிலும் இந்நாட்டுப் பெண்கள் காட்டிவரும் நேர்மையை அறிந்த எவருக்கும் அதைப் படிக்கும்போது மனம் கசக்கவே செய்யும்.

நீக்குவதற்கு அளவுகோல் என்ன? 1884-இல், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடாக வந்த லெட்டர்ஸ்டெட் எதிர் புரோயர்ஸ் என்ற வழக்கில், தந்தையின் உயிலின்படி பயன்பெற வேண்டிய ஒரு பெண்மணி, சொத்தை நிர்வகித்தவர்களை நீக்கக் கோரியபோது, பிளாக்பர்ன் பிரபு இதற்கு விடை கண்டார். பயனாளிகளின் நலமே பிரதானமான வழிகாட்டி. டிரஸ்டியின் மீது சாட்டப்பட்ட குற்றங்கள் ருசுவாகாவிட்டாலும், அவர் தொடர்ந்து இருந்தால் தர்மம் ஒழுங்காக நடவாது என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் அவரை விலக்கலாம். அதே சமயம், பயனாளிக்கும் டிரஸ்டிக்கும் மனக்கசப்பு என்ற ஒரு காரணம் மட்டும் போதாது. இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து மனத்தில் கொள்ள வேண்டும். நீக்கம் ஒரு தண்டனையாக இருந்தால், குற்றம் சந்தேகத்துக்கிடமின்றி ருசுவாகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் தோட்டம் மனையாகப் பிரிந்து விற்றுப் போய்விடும். நீக்கம் சொத்தைக் காக்கும் உபாயமாக இருப்பதால்தான் நியாயஸ்தலம் முன்கூட்டியே கையிட முடிகிறது. அது சண்டையில் வெல்லும் ஆயுதமாகவும் ஆகிவிடக் கூடாது என்பதனால்தான் வெறும் மனக்கசப்பு போதாது என்ற எல்லையும் கூடவே போடப்பட்டது.

பொதுத் தர்மங்களின் விஷயம் இன்னும் கனமானது. அங்கே பயனாளி என்று பெயர் சொல்லி நிறுத்த ஒருவரும் இல்லை. நம் சென்னையிலேயே அதற்கு மறக்கலாகாத ஓர் உதாரணம் இருக்கிறது. வறுமையில் பிறந்து, துபாஷியாகவும் வணிகராகவும் உழைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794 மார்ச் மாதத்தில் உயில் எழுதி, கோவில் கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும் தம் செல்வத்தை ஒதுக்கிவிட்டு, அதே மாதத்தில் நாற்பது வயதளவில் காலமானார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களின் கைகளிலும் உறவினர்களின் வழக்குகளிலும் அந்தப் பணம் ஒரு தலைமுறைக்கும் மேலாகச் சிக்குண்டு கிடந்தது. அவர் நினைத்த தர்மம் நடக்கவில்லை, கேட்பதற்கும் ஆளில்லை. கடைசியில் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்டனும், அவருக்குப் பின் ஜார்ஜ் நார்ட்டனும் அரசின் சார்பில் தலையிட்டு வழக்கை நடத்தினார்கள். 1832-இல் நீதிமன்றம் டிக்ரி பிறப்பித்தது. பழையவர்களின் பிடியிலிருந்து சொத்து மீட்கப்பட்டு, இந்துக்களான தர்மகர்த்தாக்களின் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. வட்டியோடு பெருகிக் கிடந்த உபரியைக் கல்விக்குச் செலவிட வகை செய்யப்பட்டது. 1842 ஜனவரியில் பாப்பம்ஸ் பிராட்வேயில் பச்சையப்பன் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டதற்கும், அதிலிருந்து ஒரு கல்லூரி கிளைத்ததற்கும், பின்னர் எத்தனையோ ஆயிரம் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பட்டம் பெற்றதற்கும், பொறுப்பில் இருக்கத் தகாதவர்களின் கையிலிருந்து பொறுப்பு எடுக்கப்பட்டதே தோற்றுவாய். உயில் எழுதப்பட்டு நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தது என்பதையும் நாம் வருத்தத்தோடு நினைக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் பிறந்து, படிக்க வழியின்றியே வளர்ந்து மறைந்த குழந்தைகளுக்கு எந்த டிக்ரியும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அட்வகேட் ஜெனரல் ஒருவரின் கருணைக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை படிப்படியாக மாறிற்று. 1863-ஆம் ஆண்டின் சமய நிலைக்கொடைச் சட்டம், தர்மகர்த்தாவின் துரோகத்துக்காகவோ கடமை தவறியதற்காகவோ அவரை நீக்கக் கோரி வழக்குத் தொடரும் உரிமையைச் சாதாரண அடியாருக்கும் கொடுத்தது. பணசம்பந்தமான அக்கறை இருக்க வேண்டும் என்பதில்லை, அங்கே வழிபட வரும் வழக்கமே போதும் என்று அது சொல்லியது எனக்கு மிகவும் பிடித்த விதி. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொதுத் தர்மங்களைப் பற்றிய வழக்குகளில் கோரக்கூடிய பரிகாரங்களை வரிசைப்படுத்தும்போது, டிரஸ்டியை நீக்குவதை முதலாவதாக வைத்தது. அப்போது தர்மத்தில் அக்கறையுள்ள இரண்டு பேர் அட்வகேட் ஜெனரலின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற வேண்டியிருந்தது. 1976-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றத்தின் அனுமதியே போதும். அந்த அனுமதியைக் கொடுக்குமுன் எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவதே பொதுவாக முறை என்று, நம் செட்டிநாட்டுக்காரர்கள் இருதரப்பிலும் நின்ற ஆர்.எம். நாராயண செட்டியார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. வழக்கைத் தொடுப்பவர் தம் சொந்தப் பாத்தியதைக்காக வரவில்லை, ஊருக்காக வருகிறார் என்பதும் தெரிய வேண்டும்; பதவி கிடைக்காத கோபத்தில் போடும் வழக்குக்கு இப்பிரிவில் இடமில்லை.

கோவில்களுக்கும் அவற்றைச் சார்ந்த கட்டளைகளுக்கும் வழி வேறு. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் அவற்றின்மீது 92-ஆம் பிரிவைச் செல்லாததாக்கி, நீக்கும் அதிகாரத்தை அறநிலையத்துறையின் அதிகாரிகளிடம் 53-ஆம் பிரிவின் மூலம் வைத்திருக்கிறது. கணக்குகளைத் தொடர்ந்து கொடாமை, சட்டப்படியான உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், சொத்தைக் கையாடுதல் முதலான குற்றச்சாட்டுகளை வகுத்துக் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, விசாரித்த பின்பே பரம்பரை அறங்காவலரையும் நீக்க முடியும். இடையில் தக்கார் ஒருவர் நியமிக்கப்படுகிறார். ஊரில் பலரும் அறிந்த சொல்தான் அது. தக்கார் ஆட்சி இடைக்கால ஏற்பாடாக இருக்க வேண்டியது ஆண்டுக்கணக்கில் நீள்வதை நான் ஆதரிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இனிப் பயனாளியை நீக்குவது. குடும்ப டிரஸ்டுகளில் இதுவே அதிக வேதனைக்குரியது. ஒரு தந்தை தம் மூன்று மக்களுக்குமாக வீட்டையும் நிலத்தையும் டிரஸ்டாக எழுதுகிறார். பின்பு மகள் அவர் விரும்பாத இடத்தில் மணம் செய்துகொள்கிறாள். கோபத்தில் ஒரு ரத்துப் பத்திரம் எழுதி, மகளின் பெயரை எடுத்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார். உயில் என்றால் அவர் உயிருள்ளவரை மாற்றலாம், டிரஸ்ட் உயிலன்று. இந்திய டிரஸ்டுகள் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி, ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்தில் வெளிப்படையாகத் தமக்கு வைத்துக்கொண்டிருந்தாலோ, எல்லாப் பயனாளிகளும் வயதுவந்தவர்களாக இருந்து சம்மதித்தாலோதான் அது சாத்தியம். மைனர் ஒருவர் இருந்தாலும் சம்மதம் என்ற வழி அடைபட்டுவிடும். பயனாளி தாமாக வேண்டாமென்று விலகலாம். டிரஸ்டியோடு சேர்ந்து துரோகத்தில் பங்குகொண்ட பயனாளியின் பங்கை மற்றவர்களின் நஷ்டம் தீரும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று 68-ஆம் பிரிவு சொல்கிறது. அப்பாவின் கோபம் இவ்விரண்டிலும் சேராது. அந்த மகள் அந்த ரத்துப் பத்திரத்தைக் கண்டு அஞ்சிப் பேசாமல் இருந்துவிட வேண்டியதில்லை என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒவ்வொரு பத்திர எழுத்தரும் கேட்பவர்க்குச் சொல்ல வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

பொதுத் தர்மத்தில் பயனாளிகளை நீக்கும் அநீதியை நாம் பத்திரம் எதுவும் எழுதாமலேயே நூற்றாண்டுக்கணக்கில் செய்து வந்திருக்கிறோம். எல்லோருக்குமாக எழுந்தருளியிருக்கும் தெய்வத்தின் சந்நிதிக்கு ஒரு பகுதி மக்கள் வரலாகாது என்று தடுத்தோமே, அதைவிடப் பெரிய நீக்கம் எது? 1939 ஜூலை 8-ஆம் தேதி, மதுரை வைத்தியநாதையர் ஹரிஜன அன்பர்களை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அழைத்துச் சென்றபோது, அதை அனுமதித்த நிர்வாகிகள் வழக்கத்தை மீறியதற்காகச் சட்டத்தின் பிடியில் அகப்படக்கூடும் என்ற ஆபத்து இருந்தது. அவர்களைக் காப்பதற்காகவே ராஜாஜியின் அமைச்சரவை அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசத்துக்கு அதிகாரமளிக்கும் சட்டத்தையும் இழப்புப் பாதுகாப்பையும் கொண்டுவந்தது. 1947-இல் அந்த உரிமை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. பயனாளியை உள்ளே விட்டதற்காகத் தர்மகர்த்தாவுக்குச் சட்டப் பாதுகாப்புத் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை, இன்று ஊர்க்கோவில் கமிட்டிகளில் அமர்ந்து அன்னதானப் பந்தியிலும் திருவிழா வரியிலும் ஒரு தெருவை மாத்திரம் விலக்கி வைப்போர் அறிந்திருக்க வேண்டும். அவர்களே நீக்கத்துக்கு உரியவர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. டிரஸ்ட் எழுதுகிறவர், சொத்தின் எல்லைகளை வர்ணிப்பதில் காட்டும் சிரத்தையில் பாதியைத் தர்மகர்த்தா எவ்வாறு விலகுவார், எக்காரணங்களுக்காக நீக்கப்படுவார், யார் அதை முடிவு செய்வர், வெற்றிடத்தை யார் நிரப்புவர் என்பதில் காட்டட்டும். முடிவு செய்பவர் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவராக, ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் போன்ற பதவி வகிப்பவராக இருந்தால் மிகவும் நலம். ஆண்டுதோறும் வரவு செலவைத் தர்மம் நடக்கும் இடத்திலேயே, எல்லோரும் படிக்கும்படி, ஒட்டி வைக்க வேண்டும் என்றும் எழுதட்டும்; கணக்கு வெளிச்சத்தில் இருக்கும் டிரஸ்டில் நீக்க வேண்டிய தேவையே அருகிப் போகும்.

நீதிமன்றத்தின் பங்கு ஒன்றுண்டு. 92-ஆம் பிரிவின் வழக்குகளில் அனுமதி கட்டத்திலேயே ஆண்டுகள் கழிவதும், அதற்குள் சொத்து கைமாறுவதும் நடவாதிருக்க, விண்ணப்பம் வந்தவுடன் விற்பனைக்குத் தடையும், சொத்துப் பட்டியல் எடுக்க ஒரு கமிஷனரும் வேண்டும். தீர்ப்பு எழுதும்போதும், நீக்கினோம் என்பதோடு நின்றுவிடாமல், 1956-இல் சேர்க்கப்பட்ட உபபிரிவு கொடுக்கும் அதிகாரத்தை நீதிபதிகள் தவறாமல் பயன்படுத்த வேண்டும். நீக்கப்பட்டவர் தம் வசமுள்ள தர்மச் சொத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டுமென்று அதே தீர்ப்பில் கட்டளையிட அந்த உபபிரிவு வழிசெய்கிறது. பத்திரங்கள், வங்கிப் புத்தகங்கள், குத்தகைச் சீட்டுகள், சாவிகள் ஆகிய யாவும் இன்ன தேதிக்குள் என்று அதில் குறிக்கப்படாவிட்டால், வென்றவர்கள் அவற்றைப் பெறுவதற்கென்று இன்னொரு வழக்குக்குச் செங்கல்பட்டுக்கு நடக்க நேரிடும்.